எவர்சில்வர் டிஷ்

ஒரு ஐப்பசியில் அடித்த காற்று உவர்க்குளத்தில் வேப்பமரங்களைச் சாய்த்தது, பள்ளிக்கூடத்து ஓடுகளைப் பறக்கவிட்டது, இரண்டு ஆடுகளை எங்கே கொண்டுபோட்டதென்றே தெரியாமல் பண்ணியது. ஆனால் அந்தக் காற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு, தவசிலிங்கம் அண்ணாச்சி வீட்டு மொட்டைமாடியில் நின்ற பன்னிரண்டு அடி டிஷ்ஷின் வலையைப் பாதிக்குமேல் கிழித்துக்கொண்டு போனதைத்தான் இன்றைக்கும் முதலில் சொல்வார்கள். அண்ணாச்சிதான் ஊருக்குக் கேபிள் கொடுப்பவர். அந்த ஒரு டிஷ் வானத்தைப் பார்த்து வாங்கிக் கொடுப்பதைத்தான் ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். காற்றுக்குப் பிறகு எல்லாச் சேனலிலும் கடுகு வெடித்ததுபோலப் புள்ளிகள் விழுந்து, மத்தியான நாடகத்தில் அழுவது மருமகளா மாமியாரா என்று தெரியாமல் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் அனுதாபப்பட்டார்கள்.

புதுத் தகடுகள் மெட்ராஸிலிருந்து வரவேண்டும், வர மாதக்கணக்காகும் என்றார்கள். அண்ணாச்சிக்குக் கை சும்மா இருக்காது. வலையாக இருப்பதால்தான் சிக்னல் பாதி ஒழுகிப் போகிறது, ஓட்டையில்லாமல் பளபளப்பாக அடைத்துவிட்டால் முன்னைவிட நன்றாகவே பிடிக்கும் என்று அவராக ஒரு முடிவுக்கு வந்து, ஓட்டையில்லாத பளபளப்பு உவர்க்குளத்தில் எங்கே இருக்கிறது என்று யோசித்து, மறுநாள் காலை ஆட்டோவில் மைக் கட்டி, வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு கேட்டார்.

இங்கே எங்கள் ஊரின் குணத்தைச் சொல்லியாகவேண்டும். பாத்திரக் கடையில் எதை வாங்கினாலும் பேர் வெட்டாமல் நாங்கள் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டோம். கடைக்காரர் பேனா மாதிரி ஒரு மெஷினை விளிம்பில் வைத்து டர்ரென்று வெட்டித் தருவார். மொய்யாகக் கொடுத்தால் கொடுத்தவர் பேர், நினைவாகக் கொடுத்தால் செத்தவர் பேர், பெண்பிள்ளைக்குச் சேர்த்துவைத்தால் பிள்ளையின் பேர். பேர் வெட்டியும் என்ன பிரயோஜனம், பலகாரம் வைத்துப் பக்கத்து வீட்டுக்குப் போன தட்டு திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அண்ணாச்சி கேட்டபோது ஒருவராவது சொந்தப் பேர் போட்ட தட்டைக் கொடுக்கவேண்டுமே, இல்லை. எல்லோரும் பரணில் துழாவி, எந்த வீட்டிலிருந்து எப்போது வந்ததென்று மறந்துபோன அடுத்தவர் தட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தோம். என் வீட்டிலும் அப்படித்தான், அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

பலசரக்குக் கடை வைகுண்டம் மட்டும் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தார். தட்டு, தாம்பாளம், மூடி எல்லாம் புதிது, ஒருநாள்கூடச் சோறு படாதது. ஒவ்வொன்றிலும் ‘வை. தங்கபுஷ்பம்’ என்று வெட்டியிருந்தது. புஷ்பம் அவருடைய ஒரே மகள். அவள் பெரியவளானதிலிருந்து அம்மா செல்லக்கனி சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த சீர்ப் பாத்திரங்கள் அவை. அந்தப் பிள்ளை அந்த வருஷத்துக் கோயில் கொடைக்கு மைக்செட் போட வந்த பையனோடு போய்விட்டாள். பையன் வேறு ஆட்கள். எந்த ஊருக்குப் போனார்களென்று தெரியவில்லை, வைகுண்டம் தேடவும் இல்லை. அவள் பேரை வீட்டில் சொல்லக்கூடாது, கடைக்கு வருகிறவர்களும் சொல்லக்கூடாது என்றுவிட்டார். செல்லக்கனி குளிக்கப் போன நேரம் பார்த்துப் பரணைக் காலிசெய்து, “ஊருக்கு உபயோகப்படட்டும்” என்று சாக்கை அண்ணாச்சியின் வாசலில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். வீட்டுக்குள் இருக்கக்கூடாதென்று நினைத்த பேரை ஊரிலேயே உயரமான இடத்தில் ஏற்றப் போகிறார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கோபத்தில் இருக்கிற மனுஷனுக்கு அவ்வளவு தூரம் யோசனை போகாது.

அண்ணாச்சி தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று மீன் செதில்போல அடுக்கி, விளிம்பில் ஓட்டை போட்டு, கட்டுக்கம்பியால் டிஷ்ஷின் விலா எலும்புகளோடு முறுக்கிக் கட்டினார். புஷ்பத்தின் தட்டுகள் மொத்தமாக வலது பக்கம் கீழே அமைந்தன. தட்டுகளின் கனத்தில் டிஷ் கொஞ்சம் உட்குழிந்துவிட்டதால், நடுவில் மூன்று கம்பிகளின்மேல் நின்று சிக்னலைப் பிடிக்கிற கருவியையும் ஒரு சாண் கீழே இறக்கினார். படம் கண்ணாடி மாதிரி வந்தது. ஊரே அவரைக் கொண்டாடியது, அவரும் ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாமென்று சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம், நாடகத்தில் வில்லி பாலில் எதையோ கலக்கப் போகிற கட்டத்தில், படம் தண்ணீர்போல ஒருமுறை அசைந்தது. அசைந்து நின்றபோது அதில் கவுன்சிலர் பால்பாண்டி குத்தவைத்து உட்கார்ந்து தன் மனைவியின் சேலைகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். சத்தம் மட்டும் நாடகத்துடையது. வில்லி சிரிக்கச் சிரிக்க அவர் சேலையை முறுக்கிப் பிழிந்தார். ஒரு பாட்டு ஓடுகிற நேரம் அப்படியே இருந்துவிட்டுப் படம் பழையபடி நாடகத்துக்குத் திரும்பியது. பாலைக் குடிக்கவேண்டியவள் குடித்து முடித்திருந்தாள். அப்புறம் அன்றைக்குச் சாயங்காலச் செய்தியில் ஒரு அடுக்களை, பாட்டு நிகழ்ச்சியில் இரண்டு பேர் பல் விளக்கினார்கள், இப்படியே தொடர்ந்தது. யார் பேர் தட்டில் இருக்கிறதோ அவர்கள்தான் வருகிறார்கள், எந்த ஊரில் இருந்தாலும் அந்த நேரத்தில் செய்கிறதைச் செய்தபடி வருகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னது சலூன்கடை மாசானம்.

ஏன் அப்படி வருகிறது என்று எங்களுக்குள் கொஞ்சநாள் குழப்பம் இருந்தது. சயின்ஸ் வாத்தியார் பிரதிபலிப்பு என்றார், அண்ணாச்சி எர்த் சரியில்லை என்றார், பூசாரி யோசித்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அதைவிடப் பெரிய குழப்பங்கள் வந்து அந்தக் குழப்பத்தை மறக்கடித்துவிட்டன. என் மனைவி வெயிலாச்சியின் தட்டு எந்த வீட்டிலிருந்து டிஷ்ஷுக்குப் போனது என்று விசாரித்து அவள் அந்த வீட்டோடு பேச்சை நிறுத்தினாள். நாங்கள் கொடுத்த தட்டு அதே வீட்டுக்காரி பேரில் இருந்ததால் அவளும் நிறுத்தினாள். யார் மேல் யார் கோபப்படுவது என்று முடிவாகாமல் இரண்டு பேரும் மறுபடி பேசிக்கொண்டார்கள். துபாயில் இருந்த ஒருத்தன் கிரிக்கெட்டுக்கு நடுவே கட்டிலில் குப்புறப் படுத்து விசும்பினான், அவன் மனைவி அன்றைக்கே போன் போட்டு ஊருக்கு வந்துவிடச் சொன்னாள். யாராவது உடை மாற்றுகிற மாதிரி வந்தால் உடனே மூடுவதற்கென்று எல்லா வீட்டு டிவியின் மேலும் ஒரு துண்டு கிடந்தது, மூடாதவனை மனுஷனாகவே மதிக்கவில்லை. கவுன்சிலர் முதலில் தலையைக் காட்டாமல் இருந்தார். பெண்கள் ஓட்டு முழுக்கத் தனக்குத்தான் என்று தெரிந்தபிறகு வாசலிலேயே உட்கார்ந்து துவைத்தார்.

செத்தவர்கள் பேர் போட்ட தட்டுகளும் இருந்தன அல்லவா. அவர்கள் முறை வரும்போது படம் எதுவும் வராது. திரை முழுக்க வெள்ளையாக, அசையாமல், பால் ஊற்றி வைத்ததுபோல ஒரு வெளிச்சம் நிற்கும். யாருடைய வெளிச்சம் என்று தெரியாது. ஆனாலும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கையை நிறுத்துவார்கள், பெரியவர்களை இழந்த வீடுகளில் எழுந்து நிற்பார்கள். அது போனதும் உட்கார்ந்து விளம்பரம் பார்ப்பார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அதிகம் வந்தது புஷ்பம். தட்டுகள் அவளுக்குத்தானே அதிகம். எந்த ஊரென்று தெரியாத ஒரு ஒற்றை அறை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மலை மாதிரி ஒன்று, அது மேகமாகவும் இருக்கலாம். அவள் முறத்தில் எதையோ கொட்டிப் பிரித்துக்கொண்டிருப்பாள். அது என்ன என்று ஊரில் பெரிய தகராறு. பாசிப்பயறு என்றார்கள், பச்சை மொச்சை என்றார்கள், மணி கோக்கிறாள் என்றாள் ஒருத்தி, கறுப்பு வெள்ளை டிவிக்காரர்கள் கூழாங்கல் என்று அடித்துச் சொன்னார்கள். மைக்செட் பையன் சாயங்காலம் வந்து அவளுக்கு டீ போட்டுக் கொடுப்பான். பொங்கல் கழிந்து அவள் வாந்தி எடுத்ததை ஊரே பார்த்தது, பார்த்துவிட்டு ஊரே கடைக்குப் போய் வைகுண்டத்திடம் ஒன்றும் சொல்லாமல் சீனி வாங்கிக்கொண்டு வந்தது.

வைகுண்டம் வீட்டு டிவியை ஆரம்பத்திலேயே விற்றுவிட்டார். செல்லக்கனி மத்தியானம் சோறு வடித்ததும் அண்ணாச்சி வீட்டுக்கு வந்துவிடுவாள். மாடிக்கு நேர்கீழே கேபிள் மெஷின்கள் இருக்கிற முன்னறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கிரிக்கெட்டோ சண்டைப் படமோ எது ஓடினாலும் கண்ணெடுக்காமல் பார்த்து, மகள் வந்ததும் டிவிக் கண்ணாடியைத் தொடுவாள். புஷ்பத்தின் வயிறு ஏறிக்கொண்டே வந்தது. எங்கள் பக்கம் முதல் பிரசவம் தாய்வீட்டில்தான். ஒன்பதாம் மாதத்துக்குள் தாய்வீட்டிலிருந்து போய், வளையல் அடுக்கி, கலவைச்சோறு போட்டுக் கூட்டிவரவேண்டும். வேறு யாரும் செய்யக்கூடாது. ஆனி பிறந்ததிலிருந்து புஷ்பம் பிரிக்கிற வேலையை நடுவில் விட்டுவிட்டு அடிக்கடி வாசலைப் பார்த்தாள். வெறும் கையைத் தடவிக்கொண்டாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் நாங்கள், துண்டு போடவேண்டிய எதுவும் இல்லாதபோதும் துண்டைப் போட்டோம்.

“எந்த ஊருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும், நான் நடந்தாவது போயிருவேன்” என்றாள் செல்லக்கனி.

“மொதலாளிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன் மதினி” என்றார் அண்ணாச்சி.

“அவரு அந்தப் பேரையே ஒதுக்கிட்டாரே.”

“பேரை ஒதுக்குனாரு சரி,” என்றான் அங்கே நின்ற மாசானம், “முன்னால ‘வை’ன்னு நிக்கே, அதை என்ன செய்வாராம்?”

இந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து புதுத் தகடுகள் வந்து இறங்கின. வைக்கோல் சுற்றி மாடியில் சாத்திவைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் கோப்பைக்கான இறுதி ஆட்டம். நடுநடுவே யாரோ பல் விளக்குவதைப் பார்த்துக்கொண்டு ஆட்டம் பார்க்க முடியாது, சனிக்கிழமையே தட்டுகளைக் கழற்றிவிட்டுத் தகடு மாட்டவேண்டும் என்று இளவட்டங்கள் வந்து நின்றார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. “அவ பெத்துப் பிழைக்கிற வரைக்கும் விட்டுவைங்கப்பா” என்று செல்லக்கனி கையைக் கூப்பினாள். அதிலும் நியாயம் இருந்தது. அண்ணாச்சி இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு ஸ்பானரைத் தேடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புஷ்பத்தின் முறை வந்தபோது திரை வெள்ளையாக நின்றது.

முதலில் யாருக்கும் புரியவில்லை, வேறு யாருடைய வெளிச்சமோ என்று இருந்துவிட்டோம். ஆனால் அது போய், கொஞ்சம் கழித்து மறுபடி அதே வெள்ளை வந்தது, மறுபடியும் வந்தது. அத்தனை தடவை வருகிற அளவுக்குத் தட்டு வேறு யாருக்கு இருக்கிறது. தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு வீடு சத்தம் அடங்கியது. செல்லக்கனி ஸ்டூலிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தாள், அவளுக்கு அழுகைகூட வரவில்லை. வெயிலாச்சி அவளைப் பிடித்துக்கொண்டாள். அறைக்குள்ளும் வாசலிலும் இருந்த நாங்கள் எழுந்து நிற்பதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்தோம், எழுந்து நின்றால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று உட்கார்ந்திருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள்.

அப்போது கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வைகுண்டம் ஓடிவந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிவிக்கு முன்னால் போய் நின்றார்.

“என்னத்துக்கு எல்லாரும் இப்படி நிக்கிய? அது அந்த வெளிச்சம் இல்ல. கொசுவலை” என்றார்.

திரையின் நடுவில் விரலை வைத்தார்.

“நேத்து அந்தப் பய வெள்ளைக் கொசுவலை ஒண்ணு வாங்கிட்டு வந்து கட்டினாம்லா. அதுக்குள்ள படுத்திருக்கா. உத்துப் பாருங்க. வலை அசையுது.”

பார்த்தோம். அசைந்தது. செத்தவர்களின் வெள்ளை அசையாது; இது மெல்ல உப்பி மெல்ல அடங்கியது. காற்றாடிக் காற்றில் ஒரு பக்கம் சுருங்கி, அந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் ஒரு தோள்பட்டையின் நிழல் தெரிந்தது. செல்லக்கனி அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

“நேத்துக் கட்டினது ஒங்களுக்கு எப்படித் தெரியும் மொதலாளி?” என்று கேட்டது மாசானம்தான், வேறு யாருக்கும் அந்தத் தைரியம் இல்லை. கேட்டவுடனே பதிலும் அவனுக்கே கிடைத்துவிட்டது. கடைக்கு எதிரேதான் அவன் சலூன். சலூனில் டிவி ஒரு சுவரில், கண்ணாடி எதிர்ச்சுவரில். தையிலிருந்து வைகுண்டம் தன் நாற்காலியைக் கடையின் இடது ஓரத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, அங்கே காற்று வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு மாசமாக வயிறு வளர்ந்ததையும், பையன் டீ போட்டதையும், மகள் வாசலைப் பார்த்ததையும் அவர் அந்தக் கண்ணாடியில் இடம் வலம் மாறிய படமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

செல்லக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அப்ப எந்த ஊருன்னும் தெரியுமா ஒங்களுக்கு?”

அவர் தரையைப் பார்த்தார். “ஏலக்காய்லா பிரிக்கா. பெருசு தனி, சிறுசு தனின்னு. வீட்டுக்கு வீடு பொம்பளைய அதைச் செய்யது போடிலதான். சரக்கு எடுக்க நான் போயிருக்கேன். ஜன்னல்ல மலை தெரியுதுல்லா, அந்தத் தெரு எனக்குப் பழக்கந்தான்.”

“எத்தனை நாளாத் தெரியும்?”

அவள் அவரை அடிப்பாள் என்றுதான் நினைத்தேன், அடித்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அவள் அடிக்கவில்லை. “ஞாயித்துக்கெழமை மொத பஸ். வளையல் நான் எடுத்துக்கிடுதேன். நீங்க வாரதுன்னா வாங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். சனிக்கிழமை எங்கள் வீட்டு அடுக்களையில்தான் நாலைந்து பெண்கள் சேர்ந்து கெட்டுப்போகாத பலகாரமாகப் பார்த்துச் செய்து கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்து பஸ் கிளம்பியபோது கடைசிப் படியில் வைகுண்டமும் ஏறினார். அன்றைக்குத் தகடு மாட்டச் சொல்லி இளவட்டங்கள் வரவில்லை.

மத்தியானம் ஊரே அண்ணாச்சி வீட்டு வாசலில் கூடியிருந்தது, ஆட்டம் பார்க்கத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டோம். ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்து, எல்லோரும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது படம் அசைந்தது. புஷ்பம். கொசுவலை சுருட்டிக் கட்டியிருந்தது. அவள் வாசலைப் பார்த்து நின்றாள். செல்லக்கனி அவள் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். வாசலுக்கு வெளியே யார் நிற்கிறார்களென்று தெரியவில்லை, படம் எப்போதும் பேருக்குரியவளைச் சுற்றித்தான் வரும். கமெண்ட்ரிக்காரர் ஏதோ பந்தைப் பற்றிக் கத்தினார்.

வீட்டுக்கு வந்தவரை ‘வாங்க’ என்று சொல்லவேண்டும். சொல்லாத வீட்டுக்குள் எங்கள் ஊர்க்காரன் காலை வைக்க மாட்டான், பசித்துச் செத்தாலும் வைக்க மாட்டான், வைகுண்டம் செத்தபிறகும் வெளியிலேயே நிற்கிற ஆள். நாங்கள் எல்லோரும் அவள் உதட்டையே பார்த்தோம்.

“சொல்லிட்டாளா?” என்றார் கவுன்சிலர்.

“இல்ல,” என்றாள் வெயிலாச்சி, “வேற என்னமோ சொல்லுதா. நிறையச் சொல்லுதா.”

நிறையத்தான் சொன்னாள். கையை நீட்டி நீட்டிச் சொன்னாள், வயிற்றைத் தொட்டுச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லுக்கும் கமெண்ட்ரியில் கூட்டம் ஆர்ப்பரித்தது. வெளியே நின்றவர் பதில் சொன்னாரா, திரும்பிப் போய்விட்டாரா, ஒன்றும் புரியவில்லை. சொல்லி முடித்து அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, பாழாய்ப்போன படம் அசைந்து மைதானத்துக்குத் திரும்பப் பார்த்தது.

அண்ணாச்சி மாடிக்கு ஓடினார். அந்த வயதில் அந்த உடம்போடு அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. டிஷ்ஷுக்குள்ளேயே ஏறி, நடுவில் இருக்கிற கருவியை இரண்டு கையாலும் வளைத்து, வலது பக்கம் கீழே இருக்கிற தட்டுகளுக்கு நேராக இழுத்துப் பிடித்தார். மைதானம் போனது, கமெண்ட்ரி போனது, நாட்டுக்கு வரவேண்டிய கோப்பையும் அதோடு எங்கேயோ போனது, இளவட்டங்களில் ஒருத்தன்கூட ஏனென்று கேட்கவில்லை. சத்தமே இல்லாமல் அந்த ஒற்றை அறை மட்டும் நின்றது.

“தெரியுதா?” என்று மேலேயிருந்து கத்தினார் அண்ணாச்சி.

புஷ்பம் அம்மாவை விலக்கிவிட்டு வாசலுக்குப் போனாள். உதடு அசையவே இல்லை. வாசலுக்கு வெளியே கையை நீட்டினாள், நீட்டிய கை எதையோ பிடித்து இழுத்தது. முதலில் ஒரு வெள்ளைச் சட்டைக் கை வந்தது. பிறகு தலையைக் குனிந்தபடி வைகுண்டம் வந்தார், செருப்பைக் கழற்றக்கூட அவள் விடவில்லை, காலில் செருப்போடு மகள் வீட்டு நடுவில் நின்று அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“தெரியுதாடே?” அண்ணாச்சிக்குக் கை கடுத்திருக்கவேண்டும், குரல் நடுங்கியது. “யாராவது சொல்லுங்களேன்.”

கடைசியில் மாசானம்தான் தோளில் கிடந்த சலூன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, வாசலுக்கு வந்து மேலே பார்த்துச் சொன்னான்.

“தெரியுது அண்ணாச்சி. அப்படியே பிடிச்சுக்கிடுங்க.”